பதினோராம் இலக்க எலி

பதினோராம் இலக்க எலிக்கு ஊசி போடப்படவில்லை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி ஜஸ்லா. மற்றது அந்த எலி.

அன்றைக்குப் பன்னிரண்டு வெள்ளெலிகளுக்கும் வால் நாளத்தில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. பத்துக்கு ஏற்றிவிட்டாள். பதினோராவதைக் கையில் எடுத்தபோது அதன் வால் முந்திய சோதனைகளால் வீங்கி, நுனி கறுத்துப் போயிருந்தது. அது கடிக்கவுமில்லை, திமிறவுமில்லை. அவளுடைய பெருவிரலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது. ஜஸ்லா அதைத் திரும்பவும் கூட்டில் விட்டுவிட்டுப் பன்னிரண்டாவதை எடுத்தாள். பிறகு பதிவேட்டில் பதினோராம் இலக்கத்துக்கு நேரேயும் ‘ஏற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். நடுவில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் ஆவணப் பிரிவு ஏழு கடிதம் எழுதும். அந்த ஏழு கடிதத்துக்குப் பயந்துதான் எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரக்கப்பட்டுச் செய்தேன் என்றும் சொல்லிக்கொண்டாள். எந்த நேரத்துக்கு எது வசதியோ அதைச் சொல்லிக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது மாத்தளையிலிருந்து பல்லேபொலைக்குப் போகும் வீதியில், பெயின்ட் வாசம் மாறாத ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில். அதன் முழுப்பெயர் நுண்ணொளி உயிரியல் ஆய்வு நிலையம். எந்த அலுவலகமும் ஊருக்குக் கந்தோர்தான். அது வெளிச்சக் கந்தோர். உடம்புக்குள் ஏற்றினால் புற்றுக்கட்டியைத் தேடிப்போய் அதில் தங்கிக்கொள்ளும் நனோத் துணிக்கைகளைப் பற்றி அங்கே ஆராய்ந்தார்கள். வெளியிலிருந்து நீல வெளிச்சம் பாய்ச்சினால் அந்தத் துணிக்கைகள் சிவப்பாக ஒளிரும். தோலைக் கிழிக்காமலே உயிருள்ள உடம்புக்குள் கட்டி இருக்கும் இடம் கமராத் திரையில் தெரிந்துவிடும். உலகத்தில் பல இடங்களில் ஒழுங்காக நடக்கிற வேலைதான். வெளிச்சக் கந்தோரில் அது தொடங்குவதற்கு முன்னால் நடந்துமுடிய வேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன.

முதலாவது, இருட்டறைத் திறப்பு விழா. படம் பிடிக்க முழு இருட்டு வேண்டும் என்பதால் ஜன்னல் இல்லாத அறை கட்டியிருந்தார்கள். அந்த அறையைக் குத்துவிளக்கேற்றித் திறந்து வைப்பது முறையா என்று ஆராய மூவர் குழு அமைத்தார்கள். குழு நான்கு தடவை கூடி, விளக்கை ஏற்றலாம், ஆனால் அதன் வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அறிக்கை கொடுத்தது. விழா முடிந்தபிறகு, விருந்தினர்கள் உள்ளே நடப்பதைப் பார்க்க வசதியாக இருட்டறைக்கு ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள்.

இரண்டாவது, துணிக்கைகள். அவை ஒரு சின்னப் போத்தலில் வெளிநாட்டிலிருந்து வந்தன. இருட்டிலும் குளிரிலும் வைக்கவும் என்று போத்தலிலேயே அச்சடித்திருந்தார்கள். பணிப்பாளர் டொக்டர் மகேந்திரராஜா அதைத் தன் அறையிலிருந்த கண்ணாடி அலுமாரியில், கேடயங்களுக்கு நடுவே, இரண்டு மின்குமிழுக்குக் கீழே வைத்தார். மூன்று மாதம் அது அங்கேதான் இருந்தது.

“மக்கள் பார்க்கவேணும் பிள்ளை,” என்றார் ஜஸ்லாவிடம். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் படித்து, மூன்று நாடுகளில் மாநாடு பார்த்து வந்தவர். “பார்க்காத விஞ்ஞானத்துக்கு ஆர் மரியாதை குடுக்கிறது?”

மூன்றாவது, எலித்தீன். பதப்படுத்திய தீன் இருபது மூட்டை கொழும்பிலிருந்து வந்து இறங்கியது. ஆவணப் பிரிவு அதை ‘விலங்குணவு’ என்ற தலைப்பில் பதிந்தது. விலங்குத் தொல்லை அதிகமுள்ள பிரதேசம் லக்கல என்று அவர்களுடைய கோப்பில் இருந்ததால், மூட்டைகள் லக்கலவுக்கு ஏற்றப்பட்டன. வாகனம் ஓட்டியது ஸப்வான்.

“எறக்கிட்டு வந்தன் தங்கச்சி,” என்றான் ஸப்வான், திரும்பி வந்து. “அங்க ஈக்கிறது யானை. எலிட சாப்பாட்டக் குடுத்தா யானைக்குக் கோவம் வராதா?”

“அப்ப ஏன் நீங்க எறக்கின?”

“தாள்ல அப்படித்தானே ஈக்கி.”

தாளில் இல்லாதது எலிகளின் பசி. மூன்று நாள் பார்த்துவிட்டு ஜஸ்லா உக்குவளையில் தன் வீட்டின் பின்னால், ஓடைக்கரையில் தழைத்துக்கிடந்த கங்குன் கீரையைக் கட்டுக் கட்டாக அறுத்து வந்தாள். குறுணலும் கங்குனும். எலிகள் விழுந்து விழுந்து தின்றன. எல்லாவற்றையும் விட அதிகம் தின்றது பதினோராம் இலக்கம். ஊசியிலிருந்து தப்பியதற்காகவோ, தப்பவைத்த பாசத்தாலோ, அதற்கு மட்டும் அவள் இளம் துளிராகப் பார்த்து இரண்டு பிடி அதிகமாக வைத்தாள்.

படம் எடுத்த நாளில் கண்ணாடி ஜன்னலைக் கறுப்புச் சீலையால் மூடிவிட்டு எலிகளை ஒவ்வொன்றாக நீல வெளிச்சத்தின் கீழ் வைத்தாள். எல்லா எலிகளுக்கும் முதுகிலே கட்டி வளர்த்திருந்தார்கள். முதுகு இருட்டாகவே இருந்தது. வயிறு சிவந்தது. பதினோராம் இலக்கத்தை வைத்ததும் திரையில் அதன் வயிறு அடுப்புத் தணல் போலக் கனன்றது.

பணிப்பாளர் நாற்காலியிலிருந்து எழும்பினார். “இதை எடுங்கோ,” என்றார் மெதுவாக. “இதைத்தான்.”

இரண்டு கிழமையில் அந்தப் படம் கட்டடத்தின் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்குத் தொங்கியது. அதைத் திரை நீக்கிய அன்று டொக்டர் மகேந்திரராஜா பேசினார்.

“நாங்கள் முதுகில இருக்கிற கட்டியைக் காட்டச் சொல்லி வெளிச்சத்தைக் கேட்டம். வெளிச்சம் வயித்தைக் காட்டினது. இதைப் பிழை எண்டு சின்ன மனம் உள்ளவை சொல்லுவினம். நான் என்ன சொல்லுறன் எண்டால், முதுகில கட்டி இருக்கெண்டது எங்களுக்கு முன்னமே தெரிஞ்ச விசயம். தெரிஞ்சதைக் காட்டுறதுக்கு விஞ்ஞானம் எதுக்கு? ஆருக்கும் தெரியாத கட்டியை அது வயித்துக்குள்ள கண்டுபிடிச்சிருக்குது.”

நெடுநேரம் கை தட்டினார்கள். ஜஸ்லாவும் தட்டினாள். வெள்ளை மேலங்கியோடு அவள் எலியைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் துண்டுப்பிரசுரத்தின் முதல் பக்கத்தில் அச்சாகியிருந்தது. ‘கத்தியின்றி, வலியின்றி, வெளிச்சமே சொல்லும்.’

அன்று பின்னேரம் எல்லோரும் போனபிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். ஊசி போடாத எலி ஏன் ஒளிர்ந்தது என்ற கேள்வி இரண்டு கிழமையாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. பதில் அவள் பையிலேயே இருந்தது. ஒரு பிடி கங்குனை எடுத்து நீல வெளிச்சத்தின் கீழ் வைத்தாள். திரை சிவந்தது. கீரையின் பச்சையம் அந்த வெளிச்சத்தில் சிவப்பாகத்தான் ஒளிரும் என்று எப்போதோ வகுப்பில் எழுதிய ஞாபகமும் அப்போதுதான் வந்தது. போத்தலிலிருந்த துணிக்கைகளை ஒரு துளி வைத்துப் பார்த்தாள். இருட்டு. கண்ணாடி அலுமாரியிலேயே அவை செத்துப்போயிருந்தன.

சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் காலையிலேயே சொல்லியிருக்கலாம். அவளுடைய நிரந்தர நியமனக் கடிதம் அந்த மாதம் கையெழுத்தாகவிருந்தது. பொய்ப் பதிவு எழுதினவளுக்கு யார் நிரந்தரம் கொடுப்பார்கள்? எலிதானே என்று நினைத்தாள். எலி வயிறு சிவந்தால் யாருக்கு என்ன குடி முழுகிவிடும்?

அந்தக் கிழமையே ஹமீமா சாச்சி துண்டுப்பிரசுரத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாச்சி, உம்மாவின் தங்கச்சி. கடைத்தெருவுக்குப் பின்னால் தனியாக இருக்கிறாள். இடது மார்பில் கட்டி ஒன்று கண்டு, கண்டி ஆஸ்பத்திரியில் சோதித்து, ஒப்பரேஷனுக்குத் திகதியும் கொடுத்திருந்தார்கள். சாச்சிக்குக் கத்தி என்றால் ஈரல்குலை நடுங்கும்.

“மகள், இதுல ஈக்கிறது நீதானே?”

“நான்தான் சாச்சி.”

“கத்தி இல்லாம பாக்கலாமாம். நீ ஈக்கிற எடம். எனக்கு வேற யாரு ஈக்கிறா?”

“சாச்சி, அது இன்னும் எலிக்குத்தான்.”

“எலிக்கி செய்றத எனக்கி செய்ய மாட்டாங்களா?” சாச்சி சிரித்தாள். “நான் எலிய விட மோசமா?”

மனிதர்களுக்குச் செய்வதற்கு நெறிமுறை அனுமதி வேண்டும், அது கிடைக்க இரண்டு வருடமாவது போகும் என்று ஜஸ்லாவுக்குத் தெரியும். அந்த நினைப்பில் ஆறுதலாகத் தூங்கினாள். ஆனாலும் அடுத்த நாள் ஆவணப் பிரிவுப் பொறுப்பாளர் சந்திரவதனாவுக்கு முன்னால் போய் நின்றாள். சாச்சியின் கைப்பை கண்ணுக்குள்ளேயே நின்றதுதான் காரணம்.

“மிஸ், பதினோராம் எலிக்கு நான் ஊசி போடல்ல.”

சந்திரவதனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தார். “போட்டிருக்கெண்டு எழுதியிருக்கு.”

“நான்தான் எழுதின. பொய் மிஸ்.”

“தங்கச்சி, நீர் சொல்லுறது வாய்ப்பேச்சு. இது ஆவணம். ஆவணத்தின்படி எலிக்கு ஊசி போட்டாச்சு. எலி மறுப்புத் தெரிவிக்கேல்ல. மூண்டாம் ஆளா நீர் இடையில வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது?”

“கமராவுல விளங்கினது கங்குன் மிஸ். நான் தின்னக் குடுத்த கங்குன்.”

சந்திரவதனா பேனையைக் கீழே வைத்தார். இந்த முறைதான் அவர் முகத்தில் கலக்கம் தெரிந்தது. “மரக்கறி உள்ளே கொண்டுவர அனுமதி எடுத்தனீரோ?”

விசாரணைக்கு ஐவர் கூடினார்கள். ஜஸ்லா ஒரு கட்டுக் கங்குனோடு போனாள். எல்லோரையும் இருட்டறைக்கு அழைத்துப் போய், கீரையை வெளிச்சத்தின் கீழ் வைத்தாள். திரை முழுக்கச் சிவந்தது. அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது.

டொக்டர் மகேந்திரராஜா திரைக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார்.

“இந்தக் கங்குன் எங்கத்தையது?”

“எங்கட வீட்டுக்குப் பின்னால சேர்.”

“இதுக்கு ஆராவது ஊசி போட்டவையோ?”

“இல்ல சேர்.”

“எலிக்கும் போடேல்ல.”

“இல்ல சேர்.”

அவர் மற்ற நால்வர் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் தழுதழுத்தது. “பாருங்கோ. ஊசியில்லாமலே ஒளிருறதுக்கு இரண்டு உதாரணம். ஒண்டு விலங்கு, மற்றது தாவரம். நாங்கள் இவ்வளவு நாளும் துணிக்கையிலதான் விசயம் இருக்கெண்டு நினைச்சம். துணிக்கை தேவையில்லை. வெளிச்சம் மட்டும் போதும். இந்தப் பிள்ளை தற்செயலாச் செய்த பிழையில எங்களுக்கு எவ்வளவு பெரிய கதவு திறந்திருக்கு.”

“நெறிமுறை அனுமதி கேட்டதே ஊசிக்குத்தான்,” என்றார் சந்திரவதனா, கோப்பைப் புரட்டியபடி. “ஊசி இல்லையெண்டால் அனுமதி தேவையில்லை. வெளிச்சம் அடிக்கிறதுக்கு ஒரு சுற்றறிக்கையிலயும் தடையில்லை.”

அந்த நிமிஷம் ஜஸ்லாவுக்கு விளங்கியது. இரண்டு வருடம் பூட்டிக்கிடந்திருக்க வேண்டிய கதவை அவளுடைய உண்மை திறந்துவிட்டிருந்தது. “சேர், இது வேலை செய்யாது,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று மாலை அவளுக்கு இரண்டு கடிதம் கிடைத்தன. அனுமதியின்றி மரக்கறி கொண்டுவந்ததற்கு விளக்கம் கேட்டு ஒன்று. நிரந்தர நியமனம் உறுதியாகிவிட்டது என்று மற்றது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

‘ஊசியில்லா ஒளிப் பார்வை முகாம்’ ஒரு புதன்கிழமை நடந்தது. பெயர் பதிய விடியலிலேயே வரிசை நின்றது. ஸப்வான் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

“தள்ளாதீங்க, தள்ளாதீங்க. வெளிச்சம் முடிஞ்சிபோற சாமான் இல்ல.” பிறகு ஜஸ்லாவைக் கண்டு குரலைத் தாழ்த்தினான். “உங்கட சாச்சிதான் மொத ஆள். ராவெல்லாம் நித்திர இல்லயாம்.”

பெண்கள் அறையில் விளக்கைப் பிடித்தது ஜஸ்லா. சாச்சி படுத்திருந்தாள். மேலே போர்த்தியிருந்த சீலையை விலக்கி நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினாள். கட்டி கைக்கே தட்டுப்பட்டது, நெல்லிக்காய் அளவு. திரை இருட்டாக இருந்தது. இருட்டாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

தடுப்புக்கு வெளியே இன்னொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பணிப்பாளர் குரல் கொடுத்தார். “ஒளிர்வு இல்லை. எழுதுங்கோ.”

சாச்சி அந்தக் குரலைப் பொருட்படுத்தவில்லை. தலையைத் திருப்பி ஜஸ்லாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“நல்லமா மகள்?”

தடுப்புக்கு வெளியே பணிப்பாளர். வரிசையில் நூற்றுச் சொச்சம் பேர். பையில் நியமனக் கடிதம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நொடியில் அவள் அவற்றில் எதையும் நினைக்கவில்லை என்பதும் உண்மை. சாச்சியின் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. அதைக் கலைக்கிற முதல் ஆளாக இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். அவள் தலையாட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாச்சி ஒப்பரேஷனுக்குக் கண்டிக்குப் போகவில்லை. அக்கம்பக்கத்துக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள். ஜஸ்லாவின் பங்கு பெரிய துண்டு. அவள் அதைத் தின்றாள்.

ஒவ்வொரு வியாழனும் சொல்லப் போனாள். முதல் வியாழன் சாச்சி வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாவது வியாழன் மழை. மூன்றாவது வியாழன் சாச்சி சந்தோஷமாக இருந்தாள். நான்காவதில் இனிச் சொன்னால் இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயந்தாள். ஐந்தாவதில் அந்தப் பயம் இரட்டிப்பானது. இதற்கிடையில் நிலையம் மேலும் மூன்று முகாம் நடத்தியது. எழுநூறு பேரில் ஒருவருக்கும் ஒளிரவில்லை. மாத்தளையில் புற்றுநோய் குறைந்துவருவதாக டொக்டர் மகேந்திரராஜா ஒரு கட்டுரை எழுதினார்.

ஏழாவது வியாழன் அவள் போனபோது சாச்சி முற்றத்துப் பாயில் கராம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையைத் தூக்காமல் வலது கையாலேயே பரப்பினாள்.

“கை நோகுதா சாச்சி?”

“கொஞ்சம் இழுக்குது. வாயுவா ஈக்கும்.”

ஜஸ்லா பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை ஒரே மூச்சில் சொன்னாள். எலி, கங்குன், செத்துப்போன துணிக்கை, அந்த வெளிச்சத்தால் ஒன்றும் பார்க்க முடியாது என்பது, எல்லாம்.

சாச்சி கராம்பைப் பரப்புவதை நிறுத்தவில்லை. “எவ்வளவு நாளா தெரியும்?”

“லைட் அடிக்கிறதுக்கு முந்தியே தெரியும்.”

“அன்டைக்கி நீ தலயாட்டின.”

“ஓ.”

“நான் அந்தாள் சொன்னத நம்பல்ல. ஒன்னத்தான் நம்பின.” சாச்சி எழுந்து கையைத் தட்டினாள். “ஆஸ்பத்திரிக் கொப்பியும் கார்ட்டும் அலுமாரில ஈக்கி. எடு. நாளைக்கி மொத பஸ்.”

கண்டி பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஜஸ்லா காத்திருந்தாள். சாச்சி ஜன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கிளினிக்கில் டொக்டர் சின்ன வயதுப் பெண். சிங்களத்தில் கேட்டார், குரலை உயர்த்தாமல். கொடுத்த திகதி தாண்டி ஏழு கிழமை ஆகிறது, ஏன் வரவில்லை?

“பயத்துல வரல்ல டொக்டர்,” என்றாள் சாச்சி, சிங்களத்திலேயே. “என்ட பிழை.”

டொக்டர் கடிந்துகொண்டார். இந்தக் கட்டியில் ஏழு கிழமை என்றால் என்ன என்று தெரியுமா? படித்த பிள்ளைகள் வீட்டில் இல்லையா? சாச்சி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஜஸ்லாவால் தாங்க முடியவில்லை.

“டொக்டர், இவங்கட பிழை இல்ல. நான்தான்...”

சாச்சி திரும்பினாள். டொக்டருக்கு விளங்காத தமிழில், வெகு மெதுவாகச் சொன்னாள்.

“வாய மூடு ஜஸ்லா. ஒன்ட நெஞ்சி லேசாகணும் என்டா வேற எடம் பாரு. இன்டைக்கி நான் வந்தது என்ட வருத்தத்துக்கு மருந்தெடுக்க.”

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துணைக்கு வந்தவர் வெளியே நிற்கட்டும் என்றார். தாதி பச்சைத் திரையை இழுத்தாள். திரைக்கும் தரைக்கும் இடையில் சாச்சியின் செருப்புகள் தெரிந்தன. அவள் ஒரு காலைத் தூக்கிக் கட்டிலில் ஏறச் சிரமப்படுவதும் தெரிந்தது. பிடித்துவிட ஜஸ்லா கையை நீட்டினாள். நீட்டிய கையைத் திரைக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே டொக்டர் அளவெடுத்து, எழுதிக்கொள்ளும்படி தாதிக்குச் சொன்னார். ஜஸ்லாவின் கையிலிருந்த கார்ட்டில் இரண்டு சென்டிமீற்றர் என்றிருந்தது.

“நாலரை,” என்றார் டொக்டர். “அக்குளிலும் இருக்கிறது.”